எழுபத்தெட்டு மார்க்

பிழைத்து வந்த நாளிலிருந்து என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே புத்தியைத்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். மனசில் வைத்துக்கொள்ளாதே, உடம்புக்கு ஆகாது. நல்லது. ஆனால் ஆஸ்பத்திரியில் எனக்கு ஏற்றிய மருந்தை விட, மனசில் வைத்துக்கொண்டதுதான் என்னை எழுப்பி உட்கார வைத்தது. கொரோனா வந்து மீண்டவர்கள் ஆளாளுக்கு எழுதுகிறார்கள், மூச்சுப் பயிற்சி செய்தேன், நம்பிக்கையோடு இருந்தேன், கடவுள் காப்பாற்றினார் என்று. நான் ஆத்திரத்தில் பிழைத்தேன். அதையும் ஒருத்தி எழுதி வைக்க வேண்டாமா?

என் பெயர் சரசு. பத்தாவது வரை படித்தவள். புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் நானும் என் வீட்டுக்காரர் முருகேசனும் வேலை செய்தோம். அவர் கொட்டகையில் தீவனம் போட்டுத் தண்ணீர் பார்ப்பார். நான் முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்குவேன். பண்ணைக்குப் பின்னால் வரிசையாக ஆறு அறைகள். அதில் ஒன்றில் நாங்களும் எங்கள் மகள் தேவியும். ஆறு அறையிலும் இருந்தது எங்கள் அருந்ததியர் காலனி ஆட்கள்தான். பண்ணைக்காரர் வீடு முன்பக்கம், கேட்டுக்கு அருகில். அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவருக்கு இப்போது வேறு பெயர் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். பேச்சில் அவருக்கு ‘ங்க’ போட்டே பழகியவள் என்பதால் கொஞ்ச தூரத்துக்கு ‘அவர்’ என்றே எழுதுகிறேன்.

ஊரடங்கு வந்தபோது எல்லோரையும் வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள். எங்கள் ஆட்களில் யார் வீட்டுக்குள் இருந்தார்கள்? காலனிப் பெண்கள் விடியும் முன் துடைப்பத்தோடு தெருவுக்குப் போனார்கள், அவர்கள் கையில் ஒரு கையுறைகூட இல்லை. சாவுக்கும் கோயில் நோம்பிக்கும் மேளம் அடிக்கிற ஆண்கள் வீட்டில் இருந்தார்கள், ஆனால் அது வேலை இல்லாமல் இருந்தது. ஊரெல்லாம் சாவு விழுந்தும் மேளத்துக்கு அழைப்பில்லை. பள்ளிபாளையத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்த என் கொழுந்தன் செல்வம், தறிப்பட்டறை மூடியதும் பெண்டாட்டி பிள்ளையோடு நடந்தே வந்து சேர்ந்தான். வந்தவனைக் காலனி எல்லையிலேயே ஊர்க்காரர்கள் தடுத்து, நீ சீக்குக் கொண்டு வருகிறாய் என்றார்கள். கோழிக் கறி தின்றால் கொரோனா வரும் என்று வதந்தி கிளம்பி முட்டை விலை விழுந்தது. விலை விழுந்ததற்கு எங்கள் கூலியைக் குறைத்தார்கள். பிறகு விலை ஏறியது, கூலி அங்கேயே நின்றுகொண்டது.

இரண்டாம் அலையில்தான் எங்கள் வரிசைக்குள் காய்ச்சல் புகுந்தது. முதலில் கடைசி அறைக்காரர், பிறகு முருகேசன். பண்ணைக்காரர் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். முட்டை லாரிக்கு மட்டும் திறப்பார். நூற்றெட்டு வண்டி பண்ணைக்கு வந்தது தெரிந்தால், சுகாதாரத்துறை ஆட்கள் பின்னாலேயே வந்து கேட்டில் தகரம் அடித்துவிடுவார்களாம். தகரம் அடித்தால் லாரி நிற்கும். கோழி நிற்காதே, அது பாட்டுக்கு முட்டை போடும். சும்மா காய்ச்சலுக்கு அலட்டிக்கொள்ளாதீர்கள் என்று கபசுரக் குடிநீரைத் தூக்குவாளியில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார். அவர் மேல் தப்பு சொல்லக்கூடாது, குடிநீரில் பனங்கற்கண்டு கூடப் போட்டிருந்தார்.

கோழிப் பண்ணைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கொட்டகையில் சீக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சாயங்காலம் பறவைகள் அடங்கிய பிறகு சத்தம் போடாமல் போய் நின்று காது கொடுப்போம். நெஞ்சில் சளி கட்டிய கோழி கொரகொரவென்று மூச்சு விடும். கொரகொரப்புக் கேட்டால் சீக்கு, கேட்காவிட்டால் கொட்டகை சுத்தம். முருகேசனுக்கும் அதையேதான் செய்தேன். நெஞ்சில் காது வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. அவரும் சிரித்துக்கொண்டே, கோழிக்குப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாயே என்றார். உதடு மட்டும் நாவல்பழம் தின்ற நிறத்தில் இருந்தது. கபசுரக் குடிநீரின் கறை என்று நினைத்தேன்.

மறுநாள் அவர் கக்கூஸ் போய்விட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தவர் எழவில்லை. தேவி ஓடிப்போய்ப் பண்ணைக்காரரை அழைத்து வந்தாள். அவர் வாயில் இரண்டு மாஸ்க், கையில் உறை. பையிலிருந்து துணிக்குக் குத்துகிற கிளிப் மாதிரி ஒன்றை எடுத்து, கம்பில் கட்டி நீட்டாத குறையாக எட்டி நின்று முருகேசன் விரலில் மாட்டினார். அதில் சிவப்பாக எண் எரிந்தது. எழுபத்தெட்டு.

“எவ்வளவுங்க?” என்று கேட்டேன். எனக்கே தெரிந்தது, இருந்தாலும் கேட்டேன்.

“எழுபத்தெட்டு. நூத்துக்கு எழுபத்தெட்டு நல்ல மார்க்குதான புள்ள. உன்ற ஊட்டுக்காரன் பாஸாயிட்டான். தூங்கச் சொல்லு, காலைல செரியாப் போயிரும்.”

எனக்குப் பத்தாவதில் கணக்கில் நாற்பத்தொன்று. முப்பத்தைந்து எடுத்தாலே தேர்ச்சி என்று பழகின ஆட்கள் நாங்கள். எழுபத்தெட்டு என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கக்கேடு என்னவென்றால், அவருக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன். நல்லா இருங்க சாமி என்று வாய் நிறையச் சொன்னேன். முருகேசனிடம், பார், நீ பள்ளிக்கூடத்தில் வாங்காத மார்க்கையெல்லாம் இப்போது வாங்கிவிட்டாய் என்று கேலி பேசினேன். அவர் தலையை ஆட்டினார், பேச மூச்சில்லை.

காலையில் சரியாகப் போகவில்லை. காலையில் அவர் இல்லை.

பண்ணைக்காரர் வந்து தூரத்திலேயே நின்று, மாரடைப்பு என்று தீர்ப்புச் சொன்னார். செத்த கோழி போடும் குழிக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, பொக்லைன் வரச் சொல்கிறேன், காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிடலாம் என்றார். சாவுச் சேதி கேட்டுக் காலனியிலிருந்து வேலி தாண்டி வந்திருந்த செல்வம் அதைக் கேட்டுவிட்டுக் கையில் கிடைத்த மண்வெட்டியோடு எழுந்தான். அப்புறம்தான் கேட் திறந்தது. நாலு பேர் தூக்கிப்போய் எங்கள் சுடுகாட்டில் வைத்தார்கள். ஊரில் எத்தனையோ சாவுக்கு அடித்த மேளம், அடிக்கிறவன் வீட்டுச் சாவுக்கு இல்லாமல் போனது. போலீஸ் பயம்.

வயிறெரிகிறவர்கள் எங்கள் பக்கத்தில் காசு வெட்டிப் போடுவார்கள். ஒரு நாணயத்தைக் கோயில் வாசலில் இரண்டாக வெட்டிப் போட்டு, எனக்கு அநியாயம் செய்தவனை நீயே பார்த்துக்கொள் என்று சாமியிடம் ஒப்படைப்பது. செல்வம், வா அண்ணி, போய் வெட்டிவிட்டு வரலாம் என்று நின்றான். கோயிலுக்கும் பூட்டு, சாமிக்கும் ஊரடங்கு. அதோடு எனக்கு அப்போது பண்ணைக்காரர் மேல் முழுக் கோபம்கூட இல்லை. பாவம், அவருக்கும் என்ன தெரியும், எண் நன்றாகத்தானே இருந்தது என்று நானே அவருக்காகப் பரிந்து பேசினேன்.

மூன்றாம் நாள் எனக்கு மூச்சு வாங்கியது. குடத்தைத் தூக்கி வைத்துவிட்டு நிமிர முடியவில்லை. தேவி இந்த முறை யாரையும் கேட்கவில்லை. போனில் நூற்றெட்டுக்குச் சொல்லிவிட்டு, கொட்டகைக் கல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனாள். பண்ணைக்காரர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூட்டை அடித்து உடைத்தாள். பதினைந்து வயதுப் பெண். சத்தத்தில் ஒரு கொட்டகைக் கோழி முழுக்கக் கத்தியதாம்.

அரசு ஆஸ்பத்திரி வாசலில் வண்டிகள் வரிசையில் நின்றன. உள்ளே கட்டில் காலியாகும்வரை வண்டிக்குள்ளேயே ஆக்சிஜன். கட்டில் எப்படிக் காலியாகும் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள், அது கிருமி இருக்கிறதா என்று பார்க்க. அப்புறம் ஒரு வளையத்துக்குள் படுக்க வைத்து நெஞ்சை வெங்காயம் அரிகிற மாதிரி வில்லை வில்லையாகப் படம் பிடித்தார்கள், அது சி.டி. நுரையீரலில் பாதி வெள்ளையாகிவிட்டது என்றார்கள். காற்று போகிற இடத்தில் நீர் கோத்தால் படத்தில் வெள்ளையாகத் தெரியுமாம். தொப்புளைச் சுற்றித் தினமும் ஊசி, அது இரத்தம் உறையாமல் இருக்க. குப்புறப் படுத்துக்கொள்ளச் சொன்னார்கள், முதுகுப் பக்கத்து நுரையீரலுக்குக் காற்றுப் போக. இத்தனை வயதுக்கு என்னைக் குப்புறப் படு என்று சொல்லி முதுகைத் தட்டிக்கொடுத்தது அந்த ஆஸ்பத்திரி மட்டும்தான்.

வார்டில் ஆண் பெண் என்று பிரிக்க இடமில்லை. சுவரில் ஆக்சிஜன் குழாய் எங்கே இருக்கிறதோ அங்கே கட்டில், நடுவில் ஒரு பச்சைத் துணி. எனக்கு இடப்பக்கம் ஜரீனா அக்கா, சேலம் டவுனில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தவர். முதல் அலையில் அவர்கள் தெருவால்தான் நோய் பரவியது என்று யாரோ கிளப்பிவிட, பழகின வாடிக்கைக்காரர்களே கடையைத் தாண்டிப் போனார்களாம். கடை படுத்தது, அதன் பிறகு வீட்டுக்காரர் படுத்தார், இப்போது இவர். வீட்டிலிருந்து வரும் பேரீச்சம்பழத்தில் எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. தேவி வாசல் காவலாளியிடம் கொடுத்தனுப்பும் ரசத்தில் அவருக்குப் பாதி. ஒரு நாள் ரசத்தோடு முருகேசனின் பழைய லுங்கி ஒன்றும் வந்தது, போர்த்திக்கொள்ள. துவைக்காத லுங்கி. வேண்டுமென்றேதான் துவைக்காமல் அனுப்பியிருக்கிறாள் என் மகள். அதை முகத்தில் போட்டுக்கொண்டு குப்புறக் கிடந்தேன்.

என்னைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். முழு உடம்புக்கும் பிளாஸ்டிக் உடுப்பு, கண் மட்டும் தெரியும். அவள்தான் என் விரலில் அதே மாதிரிக் கிளிப்பை மாட்டினாள். எண்பத்தொன்பது. உடனே குழாயைத் திருகி ஆக்சிஜனைக் கூட்டினாள்.

ஏன் பதறுகிறாய், எண்பத்தொன்பது முதல் வகுப்பாயிற்றே என்றேன். அவள் சிரித்துவிட்டு, இது மார்க் இல்லை என்று சொல்லிக்கொடுத்தாள். இரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் ஓடுகிறது என்று அந்தக் கிளிப் காட்டுகிறது. உடம்பு நன்றாக இருக்கிற ஆளுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்கும். தொண்ணூறுக்குக் கீழே போனால் ஆபத்து. இந்த நோயில் சளிச் சத்தம்கூட இல்லாமல் அது இறங்கும், ஆள் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார், உள்ளே மூழ்கிக்கொண்டிருப்பார்.

“எழுபத்தெட்டு இருந்தா?” என்றேன்.

“யாருக்கும்மா?”

“சும்மா கேட்டேங்க.”

“எழுபத்தெட்டு இருக்கிற ஆள வீட்ல வெச்சிருக்க மாட்டாங்கம்மா. அடுத்த நிமிஷம் தூக்கிட்டு ஓடி வந்திருப்பாங்க.”

அன்றைக்கு முழுதும் நான் சாப்பிடவில்லை. நான் கும்பிட்ட கும்பிடு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. ஆனாலும் பாருங்கள், அப்போதும் ஒரு மூலையில், அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கும் என்று ஒரு நினைப்பு. அடிமைப் புத்தி அவ்வளவு சுலபத்தில் விடுமா? எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவருக்குத் தெரியுமா, தெரியாதா? அதைத் தெரிந்துகொள்ளாமல் சாகக்கூடாது என்று நினைத்தேன். சிஸ்டர் குப்புறப் படு என்றால் படுத்தேன், ஊது என்றால் ஊதினேன், ருசியே தெரியாத கஞ்சியை விழுங்கினேன்.

வலப்பக்கக் கட்டில் ஒரு காலையில் காலியானது. மதியத்துக்குள் அதில் ஒருவரைக் கொண்டுவந்து போட்டார்கள். சேலத்தில் கட்டிலுக்காகப் பெரிய ஆஸ்பத்திரி ஒவ்வொன்றாகக் காரில் சுற்றி, எங்கும் இடமில்லாமல் கடைசியில் இங்கே வந்த கேஸ் என்று சிஸ்டர்கள் பேசிக்கொண்டார்கள். பச்சைத் துணி விலகியபோது பார்த்தேன். பண்ணைக்காரர்.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. என் முகத்தில் பாதி ஆக்சிஜன் மாஸ்க், மீதி வீக்கம். அவருடைய கண்ணாடி வீட்டிலேயே தங்கிவிட்டது. இருமி இருமி என் குரலும் மாறிப்போயிருந்தது. ஆனால் அதெல்லாம் சாக்கு. அந்த மனிதர் என் முகத்தை என்றைக்குப் பார்த்தார்? அவர் முன்னால் நான் குனிந்து நின்றேன், அவர் என் உச்சந்தலையைப் பார்த்தார், அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

இரண்டு நாள் கழித்துக் கொஞ்சம் தெம்பு வந்ததும் அவருக்குப் பேச்சுத் துணை தேவைப்பட்டது.

“ஏனுங்க அம்மிணி, எந்த ஊருங்க?”

எனக்கு ‘ங்க’. இந்த ஜென்மத்தில் முதல் முறை. மல்லசமுத்திரம் என்றேன்.

“மல்லசமுத்திரத்துல எந்தத் தோட்டமுங்க?”

எங்கள் பக்கத்தில் எந்தத் தோட்டம் என்று கேட்டால் ஊர் கேட்பதாக அர்த்தமில்லை. நிலம் இருக்கிற வீட்டு ஆளா, நம்ம ஆளா என்று தெரிந்துகொள்ள மரியாதையாகப் போடுகிற கொக்கி அது. கிணத்துக்காட்டுத் தோட்டம் என்றேன். பொய்யில்லை. சின்ன வயதில் என் அம்மாவோடு அந்தத் தோட்டத்தில் களை பிடுங்கியிருக்கிறேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நல்ல தோட்டமுங்க, நல்ல தண்ணீருங்க என்று சொல்லி, அதற்குப் பிறகு சொந்தக்காரியிடம் பேசுகிற மாதிரி மனசுவிட்டுப் பேச ஆரம்பித்தார். ஜரீனா அக்கா பக்கத்துக் கட்டிலில் இருந்து என் கண்ணைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் சொல்லியிருந்தேன்.

பேச்சை நானே கிளிப்புக்குத் திருப்பினேன். இந்த எண்ணெல்லாம் எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது என்று அலுத்துக்கொண்டேன்.

“அதென்னுங்க பெரிய வித்தை,” என்றார். “தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ வந்தா ஒரு நிமிசம் தாமதம் பண்ணக்கூடாதுங்க. கிளிப்பு வாங்கறப்பவே டாக்டரு சொல்லிப்போட்டாரு. எங்கம்மாவுக்குத் தொண்ணூத்தி நாலு காட்டுச்சுங்க, அப்பவே தூக்கிக் கார்ல போட்டுட்டமுங்க. இன்னைக்கு அவங்க ஊட்டுல நல்லாருக்கறாங்க.”

“அது எப்பொங்க?”

“சித்திரை பொறந்த வாரமுங்க.”

முருகேசன் போனது சித்திரைக் கடைசியில்.

இனிமேல் ‘அவன்’ என்றுதான் எழுதுவேன். யாருக்காவது காது கூசினால் பொத்திக்கொள்ளட்டும்.

அவனுக்குத் தெரியும். தன் அம்மாவுக்குத் தொண்ணூற்று நாலு வந்தபோது காரை எடுத்தவன், என் புருஷனுக்கு எழுபத்தெட்டைப் பார்த்துவிட்டு, மார்க் என்று சொல்லி, எனக்குச் சிரிப்புக் காட்டி, கும்பிடு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். கொட்டகைக்குத் தகரம் விழக்கூடாது, முட்டை லாரி நிற்கக்கூடாது. அதற்கு ஓர் ஆளைக் கழித்தான். சீக்குக் கோழியைக் கழிக்கிறோமே, அப்படி. அன்றைக்கு என் விரலில் இருந்த எண் தானாகவே ஏறியது என்றால் நம்புவீர்களா? சிஸ்டர் ஆச்சரியப்பட்டாள்.

விடு புள்ள, அல்லா பார்த்துக்கொள்வான் என்று ஜரீனா அக்கா மெதுவாகச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, எங்கள் கடையைக் கெடுத்தவன் இந்தப் பக்கத்துக் கட்டிலில் வந்து விழுந்திருந்தால் நானும் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது என்றார். அதற்காகவே அந்த அக்காவை எனக்குப் பிடிக்கும்.

அதற்குப் பிறகு ஒரு மதியச் சாப்பாட்டு நேரம். சாப்பாட்டு வண்டி வார்டின் அந்தக் கோடியில் நின்றது. சிஸ்டர்கள் முறை மாறிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தர் உடுப்பைக் கழற்ற ஒருத்தர் மாட்ட. அவன் கஞ்சி குடிக்க மாஸ்க்கைக் கழற்றினான். இரண்டு வாய் குடிப்பதற்குள் மூச்சு இழுத்தது. மாஸ்க்கைத் திரும்ப மாட்டத் தெரியாமல் தடவினான். விரலில் கிளிப் சிவப்பாக எரிந்தது, ஆனால் கண்ணாடி இல்லாமல் அவனால் படிக்க முடியவில்லை. என் பக்கம் கையை நீட்டினான்.

“அம்மிணி... எவ்வளவு காட்டுதுன்னு... பாருங்க...”

நான் எழுந்து உட்கார்ந்தேன். என் குழாய் எட்டுகிற தூரம்வரை சாய்ந்து அந்தக் கிளிப்பைப் பார்த்தேன். அதில் உண்மையில் என்ன இருந்தது என்பது எனக்கும் அந்தக் கிளிப்புக்கும் மட்டும் தெரியும்.

“எழுபத்தெட்டுங்க,” என்றேன்.

அவன் கண் பெரிதானது. சிஸ்டரக் கூப்பிடுங்க, சிஸ்டரக் கூப்பிடுங்க என்று வாய் அசைந்தது.

“எதுக்குங்க? நூத்துக்கு எழுபத்தெட்டு நல்ல மார்க்குதானுங்க. பாஸாயிட்டீங்க. தூங்குங்க, காலைல செரியாப் போயிரும்.”

அப்போதுதான் அவன் என்னைப் பார்த்தான். உச்சந்தலையை இல்லை, முகத்தை. என் மாஸ்க்கை நானே கழற்றிக் காட்டினேன்.

“நீ... முருகேசன்...”

“ஆமா. முருகேசன் பொண்டாட்டி.”

‘ங்க’ இல்லை. போடத் தோன்றவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. கொஞ்ச நேரம்தான் இருக்கும். அவனுக்கு நீளமாக இருந்திருக்கும். அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று தோன்றியதா என்று கேட்டால், தோன்றியது. இன்றைக்கும் தோன்றுகிறது. ஆனால் செத்தால் அவனுக்கு எல்லாம் முடிந்துவிடும். பெரிய படம் போட்டு, அமைதியில் ஆழ்ந்தார் என்று ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டுவார்கள். அவன் பிழைத்து, தெரிந்துகொண்டு, வருஷக் கணக்கில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசையில்தான் இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டி, சிஸ்டர் என்று கத்தினேன். என் தயவில் அவன் மூச்சு விடுகிறான். அவனுக்கு அது தெரியும்.

மறுநாள் கேட்டு வாங்கி அவன் வேறு கட்டிலுக்கு மாறிக்கொண்டான். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

நான் பிழைத்தேன். ஜரீனா அக்காவும் பிழைத்தார். வீட்டுக்குப் போகிற அன்றைக்குத் தேவியும் செல்வமும் வாசலில் நின்றார்கள். தேவி என்னைக் கட்டிப்பிடிக்கப் பயந்து என் முந்தானையின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு பேருந்துவரை வந்தாள். பண்ணை அறைக்குப் போனால், எங்கள் சாமான் எல்லாம் கேட்டுக்கு வெளியே தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. வேலைக்குப் புது ஆட்கள், வடக்கிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு அந்தக் கேட் சாவியைப் பற்றி யார் சொல்வார்கள்?

காலனிக்கே திரும்பினோம். படியேறினால் மூச்சு வாங்கும், முட்டை அட்டையைத் தூக்கித் தலையில் வைக்க முடியாது. நின்ற இடத்தில் செய்கிற வேலையாக, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு தள்ளுவண்டி போட்டேன். இட்லி, தக்காளிச் சட்னி, முட்டைப் பொரியல். சாப்பிட வருகிறவர்கள் லாரிக்காரர்கள். பசிக்கிறவன் எந்தத் தோட்டம் என்று கேட்பதில்லை. அவர்களிடம் கதை சொன்னேன். வருகிற ஒவ்வொருத்தருக்கும் சொன்னேன், பேர் சொல்லாமல், எண் மட்டும் சொல்லி. லாரிக்காரர்கள் வாய் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கொஞ்ச நாளில் லோடு ஏற்றுகிறவர்கள், எங்கே போகிறாய், எழுபத்தெட்டுக்கா என்று கேட்க ஆரம்பித்தார்கள். பண்ணைக்கே அந்தப் பெயராகிவிட்டது. பிறகு அவனுக்கு. டீக்கடையில், எழுபத்தெட்டு போகிறார் பார் என்பார்கள். ஏன் எழுபத்தெட்டு என்று பாதிப் பேருக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும், அது போதும்.

போன மாதம் ஒரு காலையில் அவன் கார் வண்டிக்கு எதிரே வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி, சரசு, இங்கே வா என்றான். நான் இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன், கழுவினேன். கடைசியில் அவனே இறங்கி வந்தான். இளைத்திருந்தான், அவனுக்கும் மூச்சு வாங்கியது. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“என்ற பேத்தி கேக்கறா. எழுபத்தெட்டுன்னா என்ன தாத்தான்னு. பள்ளிக்கூடத்துல புள்ளைங்க கூப்படறாங்களாம். நிறுத்தச் சொல்லுங்க.”

சொல்லுங்க. நான் யாரென்று தெரிந்தே போட்ட முதல் ‘ங்க’. இதைக் கேட்க எங்கள் பரம்பரையே காத்திருந்த மாதிரி ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. வந்து விழுந்தபோது ஆஸ்பத்திரிக் கஞ்சி மாதிரி இருந்தது, ஒரு ருசியும் இல்லை.

“பேத்திகிட்ட நெசத்தச் சொல்லிப்போடு,” என்றேன். “தெரிஞ்சுதான் செஞ்சேன்னு சொல்லு. சொன்ன அன்னைக்கு நான் நிறுத்தறேன்.”

அவன் கையிலிருந்த கார்ச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த நேரத்தில் ஒரு லாரி வந்து ஓரம் கட்டியது. புது டிரைவர், ஆந்திராவுக்கு முட்டை ஏற்ற வந்தவர் போல. நான் சட்னி ஊற்றிக்கொண்டிருந்ததால், வெள்ளை வேட்டியில் பெரிய மனுஷனாக நின்ற அவனைப் பார்த்துத்தான் கேட்டார்.

“ஏனுங்க, எழுபத்தெட்டுப் பண்ணைக்கு எப்படிங்க போகணும்?”

நான் கரண்டியை நிறுத்தினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் என்னைப் பார்த்தான், சாலையைப் பார்த்தான். பிறகு கையைத் தூக்கிக் காட்டினான்.

“நேராப் போயி, சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க,” என்றான்.

டிரைவர் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவருக்கு இரண்டு இட்லி கூடுதலாக வைத்தேன்.